மாதத்துக்கு ஓர் அங்குலம்

என் நைனாவின் வலது கை மணிக்கட்டில் மடிந்து தொங்கத் தொடங்கியபோது நான் பொன்னேரியில் விடுதியில் தங்கிப் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். அந்த ஒரு வருஷத்தை நினைக்கும்போது மட்டும், நான் எழுதப் படிக்கத் தெரியாதவளாக இருந்திருந்தால் நைனாவின் கை பிழைத்திருக்கும் என்று தோன்றும்.

எங்கள் ஊர் ஏரிக்குள் இருக்கும் தீவு. பழவேற்காட்டுக்குப் படகில்தான் வரவேண்டும். கடல் ஏரிக்குள் நுழையும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், நீரோட்டத்துக்குக் குறுக்கே கழி நட்டு வலை கட்டுவார்கள். இறால் அதிகம் விழும் அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். எல்லாரும் ஒரே நாளில் போய்க் கட்ட முடியாது. ஊரில் கல்யாணமான ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்த வரிசைப்படி முறை வரும். முறை வருகிறவன் தானே படகில் இருந்து கயிறு பிடிக்க வேண்டும். அவனுக்குப் பதில் மகன் நிற்கலாம். நைனாவுக்கு நான் ஒருத்திதான். உடம்பு முடியாமல் போனவன் தேறுவான் என்றிருந்தால் அவன் பெயரை எங்கள் ஊர் ஒரு வருஷம் வைத்திருக்கும். அதற்கு மேல் அது புதிதாகக் கல்யாணமான யாருக்காவது போய்விடும். போன பெயர் திரும்பி வராது.

அடிபட்ட அன்று நைனாவின் முறை. சித்தப்பாவும் படகில் இருந்தார். ஏரித் தண்ணீர் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்த நேரம். கயிறு கையை விட்டுச் சறுக்காமல் இருக்க, எங்கள் ஆட்கள் அதை மேல்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு உடம்பைப் பின்னால் சாய்ப்பார்கள். நைனாவும் அப்படித்தான் செய்திருக்கிறார். கழி ஒன்று பிடுங்கிக்கொண்டது. வலையின் பாரம் முழுவதும் அந்த இரண்டு சுற்றில் வந்து விழுந்தது. சித்தப்பா கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்கும்வரை, கயிறு நைனாவின் கையைப் படகின் விளிம்போடு சேர்த்து இறுக்கி வைத்திருந்தது.

தோல் கிழியவில்லை. எலும்பு முறியவில்லை. மேல்கையைச் சுற்றி இரண்டு ஊதா வளையங்கள், அவ்வளவுதான். ஆனால் மணிக்கட்டு மேலே எழும்பவில்லை. விரல்களை நீட்ட முடியவில்லை.

நான் சனிக்கிழமை ஊருக்கு வந்தபோது இரண்டு வாரம் ஆகியிருந்தது. உப்பு ஒத்தடமும் எண்ணெயும் நடந்துகொண்டிருந்தன. அம்மா என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பக்கத்து வூட்டுக்காரி இன்னா கேட்டா தெரியுமா? கை தொங்குதாமே, கிள்னா சுரணையும் இல்லியாமே, நல்ல ரத்தந்தானானு கேக்குறா. அந்த வியாதியானு கேக்குறாடி. தண்ணிக் கொடத்த எங்க கொடத்தாண்ட வெக்காதன்றா."

எந்த வியாதி என்று அவள் வாயால் சொல்லவில்லை. குஷ்டரோகத்தைத்தான் குறிப்பிட்டாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், புறங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு நைனாவுக்கு உணர்ச்சி இல்லை என்பது நிஜம். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. திங்கட்கிழமையே அவர் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று அடம்பிடித்தேன். "பட்ச்சவ சொல்றா, போய்ட்டு வாண்ணா," என்று சித்தப்பாவும் சொன்னார்.

டாக்டருக்கு நடுத்தர வயது. பொறுமையானவர். கயிறு எப்படிச் சுற்றியது, எவ்வளவு நேரம் இறுக்கியது என்று கேட்டார். என் பக்கம் திரும்பி, மேசை விளக்கின் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு விளக்கினார்.

"நரம்புங்கிறது இந்த ஒயர் மாதிரி. வெளிய ஒரு குழாய், உள்ள கம்பி. அடிபட்டா மூணு தினுசா கெடும். முதல் தினுசுல கம்பியும் நல்லாருக்கும், குழாயும் நல்லாருக்கும். கரண்ட் மட்டும் நின்னு போயிருக்கும். சில வாரத்துல தானா வந்துடும். ரெண்டாவதுல உள்ள கம்பி அறுந்து போயிருக்கும், குழாய் தப்பிச்சிருக்கும். அந்தக் குழாய்க்குள்ளயே புதுக் கம்பி மேலேர்ந்து கீழ வளரும். மாசத்துக்கு ஒரு அங்குலம்னு வெச்சுக்கோ. மூணாவதுல எல்லாமே அறுந்திருக்கும். அது தானா சேராது. திறந்து தைக்கணும், அதுவும் சீக்கிரம் தைக்கணும்."

"நைனாவுக்கு எது சார்?" என்றேன்.

"அது இன்னைக்குத் தெரியாது. தோல் கிழியாத அடியில பாத்த உடனே சொல்ல முடியாது. காத்திருந்து பாக்கணும்."

அவர் நைனாவின் மேல்கையில், ஊதா வளையம் இருந்த இடத்தில் விரல் நுனியால் தட்டினார். நைனா துள்ளினார்.

"இன்னா சார் இது, கட்ட விரலு பின்னால எறும்பு ஓட்றாப்பல ஜிவ்வுங்குது."

"அதான் வேணும்," என்று டாக்டர் அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். புதுக் கம்பி எதுவரை வளர்ந்திருக்கிறதோ அதுவரை தட்டினால் அந்த ஜிவ்வு வரும். மாதாமாதம் தட்டிப் பார்த்தால் அந்த இடம் கீழே கீழே நகரும். நகர்ந்தால் இரண்டாவது வகை, காத்திருக்கலாம். மூன்று மாதமாகியும் நகராவிட்டால் திறந்து பார்க்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீ எத்தனாவது படிக்கிற?" என்று கேட்டார்.

"பிளஸ் ஒன், சயின்ஸ் குரூப், சார்." இதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அப்ப இந்த வேலை உன்னோடது. ஒரு நோட்டுப் போடு. தேதி, இந்தக் கோட்டுலேர்ந்து எத்தனை அங்குலம், அவ்வளவுதான். நகந்தா எழுது. நகரலைன்னா நகரலைன்னு எழுது. அதுதான் எனக்கு முக்கியம்."

நான் தலையாட்டினேன். பஸ்ஸில் திரும்பும்போது நைனா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "டாக்டரு உன்னாண்டதான் எல்லாத்தையும் சொல்றாரு, என்ன சீந்தவே இல்ல," என்று சிரித்தார். அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் பள்ளியில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பௌதிகச் சோதனைக்கூடத்தில் தனி ஊசல் என்று ஒரு சோதனை. நூலில் குண்டைத் தொங்கவிட்டு, ஆடும் நேரத்தை அளந்து, கணக்குப் போட்டால் விடை தொள்ளாயிரத்து எண்பதுக்குப் பக்கத்தில் வரவேண்டும். எனக்கு எண்ணூற்றுச் சொச்சம் வந்தது. வந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். டீச்சர் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு இழுத்துத் திருப்பித் தந்தார். விடுதியில் மேல்வகுப்பு அக்கா ஒருத்தி தன் பழைய ரெக்கார்டு நோட்டைக் கொடுத்து, "மக்கு, விடைய மொதல்ல எழுது. நேரத்த எல்லாம் அதுக்கேத்த மாதிரி பின்னால போட்டுக்கோ," என்றாள். அப்படியே செய்தேன். 'மிக நன்று' என்று எழுதி வந்தது. அதன் பிறகு எந்தச் சோதனையிலும் நான் விடையைத் தேடவில்லை. விடை எனக்கு முன்னாலேயே தெரியும்.

முதல் மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நாற்பது பக்க நோட்டுக்கு பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, கட்டம் கிழித்து எடுத்துக்கொண்டு போனேன். நைனா வாசலில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கோட்டின் மேல் தட்டினேன். "ஜிவ்வுங்குது," என்றார். அடிஸ்கேலை வைத்து ஓர் அங்குலம் கீழே தட்டினேன்.

"இங்க?"

"இல்ல."

"சரியா பாத்து சொல்லு நைனா."

"இல்லம்மா, சும்மா தட்ற மாதிரிதான் கீது."

இன்னும் பலமாகத் தட்டினேன். மறுபடியும் தட்டினேன். அம்மா வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். என் கையில் பேனா மூடி திறந்தபடி இருந்தது. நைனா என் முகத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.

"ம்... லேசா கீது போல தெர்து."

ஓர் அங்குலம் என்று எழுதினேன். அம்மா கையைத் தலைக்கு மேல் கூப்பினாள்.

அந்த வாரம் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பாடு வரிசையில் நைனாவின் பெயரை வைப்பதா வேண்டாமா என்று அவர்களுக்குள் பேச்சு. ஒருவர், "கை பூட்ச்சினா பூட்ச்சினு சொல்லிடு, வாலிபப் பசங்க காத்துக்கினு கீறானுங்கோ," என்றார். சித்தப்பா அவசரமாக என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். நான் விடுதியில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தேன். அவர்கள் மறுபடி வந்தபோது நோட்டை எடுத்து வைத்து, ஒயரும் குழாயும் கம்பியுமாக, மூன்று வகையையும் அவர்களுக்கு விளக்கினேன். இது இரண்டாவது வகை என்றேன். மாதம் ஓர் அங்குலம், கோட்டிலிருந்து முழங்கைக்கு இவ்வளவு, மணிக்கட்டைத் தூக்கும் தசைக்கு இவ்வளவு, ஒரு வருஷத்துக்குள் கை வந்துவிடும் என்று தரையில் கரிக்கட்டியால் எழுதிக் காட்டினேன். டாக்டர் தெரியாது என்று சொன்னதை நான் தெரியும் என்று சொன்னேன். அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் ஒரு பெண்பிள்ளை பேசுவதை அப்படி உட்கார்ந்து கேட்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"பொண்ணா இது, டாக்டரம்மா," என்று எழுந்து போனார்கள். பெயர் ஒரு வருஷத்துக்கு நின்றது. பக்கத்து வீட்டுக்காரி மறுநாள் எங்கள் குடத்துக்குப் பக்கத்தில் தன் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

இரண்டாவது மாதம் இரண்டு அங்குலம் கீழே தட்டினேன். தட்டிவிட்டு, நைனா வாயைத் திறப்பதற்குள் எழுதிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் தேர்வு இருந்தது, ஊருக்கே போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளன்று, பொன்னேரியில் நைனாவும் சித்தப்பாவும் வந்த பஸ்ஸில் நானும் ஏறி, ஓடும் பஸ்ஸில் மடியில் நோட்டை வைத்து மூன்று அங்குலம் என்று எழுதினேன். எழுத்துக் கோணலாக வந்தது. அது மட்டும்தான் எனக்கு உறுத்தியது.

அன்று டாக்டரிடம் பெரிய கூட்டம். வரிசை வராண்டாவைத் தாண்டி நின்றது. அவர் நோட்டைப் புரட்டினார். மூன்று வரிகள், மூன்று தேதிகள், ஒன்று, இரண்டு, மூன்று. அவர் முகம் மலர்ந்தது.

"நல்லா வளருது. இப்ப கத்தி வெக்க வேண்டாம். இன்னும் மூணு மாசம் கழிச்சு வாங்க. அதுக்குள்ள மணிக்கட்டு கொஞ்சம் தூக்க ஆரம்பிக்கணும்." பக்கத்தில் நின்ற இன்னொரு டாக்டரிடம் என் நோட்டைக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். 'கேர்ஃபுல்' என்ற சொல் எனக்குப் புரிந்தது. நான் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் நின்றேன்.

அவர் மட்டும் அன்று மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்திருந்தால் என்று பல நாள் அவர்மேல் பழியைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நோட்டு இருக்கும்போது அவர் ஏன் தட்ட வேண்டும்? அதற்குத்தானே என்னிடம் கொடுத்தார்?

ஆறாவது மாதம் நாங்கள் போகவில்லை. போகாததற்கு நான்தான் காரணம். நோட்டில் ஆறு அங்குலம் இருந்தது, அதோடு எழுதுவதை நிறுத்திவிட்டேன். மணிக்கட்டு அப்படியே தொங்கியது. முன்னங்கையின் சதை கரைந்து இரண்டு எலும்புக்கும் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. டாக்டர் பார்த்தால் கேட்பார் என்று எனக்குப் பயம். ஆண்டுத் தேர்வு என்றேன். அப்புறம் புயல் எச்சரிக்கை, படகு விடவில்லை. அப்புறம், "இது நெதானமாத்தான் வரும், இன்னும் ரெண்டு மாசம் போவட்டும்," என்று அம்மாவிடம் நானே சொன்னேன். அவள் நம்பினாள். நைனா இடக்கையால் சாப்பிடப் பழகிக்கொண்டார். வலக்கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே போவார்.

பதினோராவது மாதம், ஊர் கொடுத்த தவணை முடிய ஒரு மாதம் இருக்கும்போது, சித்தப்பா அவரை வலுக்கட்டாயமாக அழைத்துப் போனார். நானும் போனேன். டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்த உடனேயே சிரிப்பு போய்விட்டது. மேல்கையில் தட்டினார். பழைய கோடு இருந்த இடத்தில் நைனா துள்ளினார். அதற்குக் கீழே எங்கே தட்டினாலும் ஒன்றுமில்லை. நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "கொஞ்சம் ஓடிட்டு நின்னு போச்சா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். மறுவாரம் கையைத் திறந்தார்கள்.

அதற்கு மறுநாள் காலை அவர் மாணவர்கள் ஏழெட்டுப் பேரோடு நைனாவின் கட்டிலுக்கு வந்தார். நான் டம்ளரில் கஞ்சியோடு தலைமாட்டில் நின்றேன். அவர் மாணவர்களுக்குச் சொன்னதில் பாதி ஆங்கிலம், பாதி தமிழ். இந்த முறை எனக்கு எல்லாமே புரிந்தது. மூன்று வகை என்பது முதலில் வகுத்த கணக்கு. பிறகு அதையே ஐந்து படியாகப் பிரித்தார்கள். நைனாவினுடையது நான்காவது படி. வெளிக்குழாய் முழுசாக இருக்கிறது. பார்த்தால் நரம்பு அறாமல் இருக்கிற மாதிரியே தெரியும். உள்ளே நசுங்கி எல்லாம் ஒரே தழும்பு. கம்பி முளைத்து வந்தாலும் அந்தத் தழும்பில் முட்டிச் சுருண்டுகொள்ளும், ஒன்றுகூடத் தாண்டாது. அறுந்ததற்கும் இதற்கும் பலனில் வித்தியாசம் இல்லை. தழும்பை வெட்டி எடுத்துவிட்டுத் தைக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் செய்திருந்தால் தசை உயிரோடு இருந்திருக்கும். இப்போது நரம்பு வந்து சேருவதற்குள் தசை செத்துவிடும், தைத்துப் பயனில்லை.

"ஆனா ஒண்ணு எனக்குப் புரியல," என்று என் நோட்டை எடுத்தார். அது அவருடைய கோப்பில்தான் இருந்தது. "ஒண்ணுகூடத் தாண்டலன்னா, இந்த ஆறு அங்குலம் எப்படி வந்துச்சு?"

மாணவர்கள் எல்லாரும் நோட்டைப் பார்த்தார்கள். என்னையும் பார்த்தார்கள். வாயைத் திறக்கத்தான் போனேன் என்று சொல்ல ஆசை. திறக்கவில்லை.

"அத்த நான்தான் சொன்னன் சார்," என்றார் நைனா. கட்டோடு இருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புள்ள ஆசையா கேட்டுச்சு. இல்லாதத கீதுன்னு சொல்ட்டன்."

டாக்டர் நோட்டை மூடினார். அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அலுப்போடு பேசினார்.

"பொண்ணு கேட்டுக் கேட்டு எழுதியிருக்கு. நீ உள்ளதைச் சொல்லியிருந்தா இந்தக் கை இன்னைக்கு மேல வந்திருக்கும். படிக்காதவங்களோட இதுதான்யா தொல்லை. டாக்டர் சந்தோஷப்படட்டும்னு, பிள்ளை சந்தோஷப்படட்டும்னு, வாய்க்கு வந்ததைச் சொல்லிடறது." பிறகு என் பக்கம் திரும்பி, "உன் தப்பு இல்லம்மா. நீ என்ன பண்ணுவ?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். என் தப்பு இல்லை என்பதற்கு ஆட்டினேன். இன்றைக்கும், தனியாக இருக்கும்போது அந்தத் தலையாட்டல் நினைவுக்கு வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறேன்.

சில வாரம் கழித்து, நன்றாக இருக்கும் தசை ஒன்றின் நாரை எடுத்து மணிக்கட்டின் பின்பக்கத்தில் தைத்தார்கள். மணிக்கட்டு நிமிர்ந்தது. டம்ளர் பிடிக்கலாம், சோறு பிசையலாம், சட்டைப் பொத்தான் போடலாம். ஓட்டத் தண்ணீரில் வலைக் கயிறு பிடிக்க அது போதாது. தவணை முடிந்த அன்று நைனாவின் பெயரை எடுத்துவிட்டு, அந்த வருஷம் கல்யாணமான ஒருவன் பெயரைச் சேர்த்தார்கள். நைனா அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தார். வந்து, "பேர எட்த்துட்டாங்க," என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு சித்தப்பாவின் படகு வரும்போது கரையில் இறால் பிரித்துக் கொடுக்கும் வேலைதான் அவருக்கு.

நான் படித்து முடித்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்து, காட்டூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் கரையில், "டீச்சரு வந்துகினு கீது, வய்யி வுடுங்கடா," என்று சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காது என்று பொய் சொல்லமாட்டேன்.

ஒரு சனிக்கிழமை பகலில் படகிலிருந்து இறங்கினேன். கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நைனாவும் இன்னொருவரும் ஏதோ வாக்குவாதம். காற்று மாறிவிட்டது, நாளைக்கு வலை போட வேண்டாம் என்கிறார் நைனா. மற்றவர் சிரித்தார்.

"நீ சொல்றது நெசமா, இல்ல ஜிவ்வா?"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாடு வாங்கிய அந்த இளைஞன்கூடச் சிரித்தான். "டாக்டருக்கே ஜிவ்வு காட்ன ஆளாச்சே," என்றான் இன்னொருவன். நைனாவும் கூடவே சிரித்தார், ஆனால் குனிந்து இறாலைப் பார்த்துக்கொண்டு. அவர் அன்று அதற்கு மேல் காற்றைப் பற்றிப் பேசவில்லை.

இது எத்தனை நாளாக நடக்கிறது என்று அம்மாவிடம் கேட்டேன். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்துதான். உன் சித்தப்பன் ஒரு வாட்டி வெளாட்டுக்குச் சொன்னான், ஊரே புட்ச்சிக்கிச்சு," என்றாள். "உங்க நைனா இன்னா சொன்னாலும் அத்தான் சொல்றாங்கோ. அவரும் வுட்டுட்டாரு."

நான் கரைக்குத் திரும்பிப் போனேன். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். நைனா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூடையைக் கழுவுவதை நிறுத்தவில்லை.

"ரெண்டாவது மாசம் நான் வாயே தொறக்கல, இல்ல?" என்றார் கடைசியில்.

"இல்ல நைனா. நானா எழுதினேன்."

"மூணாவது மாசம் நீ வரவே இல்லியே."

"பஸ்ல எழுதினேன்."

"அதுக்கப்புறம்?"

"எல்லாமே நானா எழுதினதுதான்."

கூடையைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினார். "நீ பட்ச்சவ, தட்னாலே உனுக்குத் தெரியும்போலனு நெனச்சன். நான் கேக்கக்கூட இல்ல." விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். "அப்ப நான் ஒரு வாட்டிதான் சொன்னன். லேசா கீதுன்னு. மத்ததெல்லாம் நீயி."

"ஆமா நைனா."

அவர் என்னைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை காலை, நான் பள்ளிக்குக் கிளம்பத் தயாராக இருந்தபோது வந்து நின்றார்.

"டாக்டராண்ட போய் சொல்லு."

"அவர் மாத்தலாகி எங்கயோ போயிட்டார் நைனா."

"காயிதம் போடு. ஆஸ்பத்திரிக்குப் போட்டா அனுப்ச்சிட மாட்டாங்களா? அவ்ளோ பேரு எதுர்ல என்னதான சொன்னாரு, படிக்காதவன்னு. எய்துனது யாருன்னு அவருக்குத் தெரியணும்."

அன்று பள்ளிக்குப் போகவில்லை. முதலில் ஆங்கிலத்தில் எழுதினேன். கிழித்துவிட்டுத் தமிழில் எழுதினேன். முதல் மாதத்திலிருந்து ஆரம்பித்து, பஸ்ஸில் எழுதியது, ஆறாவது மாதம் வராதது, கட்டிலருகில் தலையாட்டியது எல்லாவற்றையும் எழுதினேன். கை வலித்தது. நைனா எதிரே உட்கார்ந்து, "படி," என்றார். படித்தேன். "அந்த எடத்த இன்னொரு வாட்டி படி," என்று முதல் மாதத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் தலையை ஆட்டவில்லை. காகிதத்தை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உறையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நானே ஒட்டிப் போட்டுடறேன் நைனா," என்றேன்.

"வேணாம்."

படகு பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போனார். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கழித்துத் திரும்பி வந்தார். கடைத்தெருவில் அவருக்குத் தெரிந்த பாய் ஒருவர் நூல்கடை வைத்திருக்கிறார். கடிதத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். நான் படித்துக் காட்டியதும் எழுதியிருந்ததும் ஒன்றுதானா என்று பார்க்க.

"செரியாத்தான் எய்திக்கீற," என்றார் வாசலில் காலைக் கழுவிக்கொண்டே. "ஒரு வாட்டிதான் நான் சொன்னன்றதும் அதுல கீதுன்னு பாய் சொன்னாரு. பொட்டியில போட்டுட்டன்."